வளவு துப்புரவாக்க முன் பழமரங்களைப் பாருங்கள்

பல வருடங்களின் பின் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கிணறு எங்கே, வேலி எங்கே என்று தெரியாதபடி வளவு பற்றையாகிக் கிடக்கும். கண்ணிவெடி அகற்றி, உங்களிடம் ஒப்படைத்த காணியென்றால் துப்புரவு வேலையைத் தொடங்கலாம். ஆனால் தறிக்க முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாலை, விளா, நாவல், வீரை, கூழா எல்லாம் தாமாகவே முளைத்து நிற்கக்கூடும். இன்று வைக்கும் மாங்கன்று காய்க்கச் சில வருடங்கள் செல்லும். நிற்கிற மரமோ தண்ணீரும் பசளையும் கேட்காமலே பழம் தரும். அடையாளம் தெரியாவிட்டால் ஊரிலுள்ள பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். தெரியாத பழத்தைப் பிள்ளைகள் தின்ன விடாதீர்கள்.

விற்பனைக்கு மிகவும் உகந்தது விளாம்பழம்தான். ஓடு தடிப்பானதால் சந்தைக்குக் கொண்டுபோகும்போது நசியாது. பழத்தை ஓரடி உயரத்திலிருந்து நிலத்தில் போட்டுப் பாருங்கள். துள்ளினால் இன்னும் பழுக்கவில்லை, வெயிலில் வைத்துப் பழுக்க விடுங்கள். சதையை நீர் விட்டுப் பிசைந்து, விதையை வடித்து, சீனி சேர்த்துக் காய்ச்சினால் ஜாம் தானாகவே இறுகும். போத்தல்களையும் மூடிகளையும் முதலில் கொதிநீரில் அவித்தெடுக்க வேண்டும்.

பாலைப்பழம் அதிக நாள் தாங்காது. கூடுதலாகக் கிடைத்தால் பிழிந்து வடித்துப் பாணியாகக் காய்ச்சி வையுங்கள். வாயில் ஒட்டும் பாலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பாலை மெதுவாகவே வளரும் மரம். ஒன்றைத் தறித்தால் அந்த இடத்தில் இன்னொன்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத்தான் காய்க்கும். இளம் பாலைக் கன்று நின்றால் அதுவும் வீணல்ல, அதில் சப்போட்டா ஒட்டலாம்.

இந்தப் பழங்களைத் தேடிக் காட்டுக்குள் போவதுதான் ஆபத்து. பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கென்று உள்ளே போய்விடுவார்கள். மிதிவெடி அறிவித்தல் உள்ள இடத்துக்கோ, இன்னும் துப்புரவாக்கப்படாத பற்றைக்கோ ஒருவரும் போக வேண்டாம், மரம் நிறையப் பழம் தெரிந்தாலும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

வளவில் மரம் இல்லாதவர்கள் அயலவரிடம் பழம் வாங்கி விதை போடலாம். நாவல் விதையைக் காய வைத்துச் சேமிக்க முடியாது. தின்ற கிழமையே பொலித்தீன் பையில் ஊன்றுங்கள். விளா விதையில் வந்த கன்று காய்க்க நெடுங்காலம் எடுக்கும். ஒட்டுக்கன்று கிடைக்குமா என்று கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். மாரி தொடங்கும்போது வேலியோரமாக நட்டு, ஆடு கடிக்காமல் முள் வைத்துக் கட்டுங்கள்.