ஃபோர்ட்டில் இறங்கி பீச்சில் ஏறுவோம்

மெக்கானிக்ஸ் புத்தகத்தில் 'ஆர்ச்' வரும் பக்கத்தை நாம எல்லாரும் ஒரே நேரத்தில்தான் படிச்சிருப்போம்: பரீட்சைக்கு முந்தின ராத்திரி. அந்தப் பக்கத்தை நேரில் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை போதும். மின்சார ரயிலில் சென்னை ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்குங்க. அங்கிருந்து நடந்து, அடுத்த ஸ்டேஷனான பீச்சில் ரயில் ஏறணும். ரயிலில் சில நிமிஷம்தான். நின்னு பார்த்துக்கிட்டே நடந்தா மூணு மணி நேரம். கையில் ஐ.டி. கார்டு, தண்ணி பாட்டில், ஒரு நோட்டு இருக்கட்டும்.

விதி ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாடியும் நின்னு, "இதைக் கட்டினவங்களுக்கு அன்னைக்கு என்ன பிரச்சினை?" என்று கேளுங்க. ஸ்டைலோட பேரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

கோட்டை: குண்டு விழுந்தால்?

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. உள்ளே போனதும் நேரே புனித மேரி தேவாலயத்துக்குப் போங்க. 1678இல் தொடங்கி 1680இல் முடித்த கட்டடம். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்க. உத்தரம் இல்லை, மரச்சட்டம் இல்லை. முழுக்க செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வளைவுக் கூரை. பீரங்கிக் குண்டு விழலாம், மரம் தீப்பிடிக்கும் என்ற பயம்தான் காரணம்.

செங்கல் அமுக்குவதைத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அதனால் கூரையை வளைத்துவிட்டால் சுமை அமுக்கமாகவே கீழே இறங்கும். ஆனால் வளைவு சும்மா இருக்காது, பக்கச் சுவர்களை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் அவ்வளவு தடிமனான சுவர். ஜன்னலோட ஆழத்தை முழம் போட்டுப் பாருங்க. நம்ம வீட்டு ஒன்பது அங்குலச் சுவர் ஞாபகத்துக்கு வரும்.

அப்படியே கோட்டை அருங்காட்சியகத்தையும் பார்த்துடுங்க (வெள்ளிக்கிழமை விடுமுறை). வணிகர்கள் கூடும் இடமாகக் கட்டப்பட்ட இதன் மாடியில் 1796இல் ஒரு எண்ணெய் விளக்கை ஏற்றினார்கள். ஊரின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான்.

ஹைகோர்ட்: எவ்வளவு உயரம் வேணும்?

கோட்டையிலிருந்து வடக்கே நடந்தால் உயர் நீதிமன்றம். வளாகத்துக்குள் தனியாக நிற்கும் கருங்கல் தூண், 1844இல் எரியத் தொடங்கிய இரண்டாவது கலங்கரை விளக்கம். சிவப்புச் செங்கல் நீதிமன்றம் 1892இல் திறக்கப்பட்டதும், அதன் மிக உயரமான கோபுரத்துக்கே 1894இல் விளக்கு மாறியது. 1977இல் மெரினாவுக்குப் போகும்வரை அங்கேதான் எரிந்தது.

ஏன் இப்படி ஏறிக்கிட்டே போச்சு? பூமி உருண்டை. அடிவானம் எவ்வளவு தூரம் என்பது உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விளக்கை 4 மடங்கு உயர்த்தினால்தான் அது தெரியும் தூரம் 2 மடங்காகும். ஒரு சமன்பாடு இங்கே மூணு கட்டடமா நிக்குது!

பிளானுக்குப் பிராசிங்டன், இர்வின் பேரைச் சொல்வாங்க. கட்டி நிமிர்த்திய கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார். அந்தப் பேரையும் நோட்டில் எழுதிக்கோங்க.

பாரிமுனை: இல்லாத ஊர்

ரோட்டைத் தாண்டினால் 1940இல் கட்டிய டேர் ஹவுஸ். அதை ஒட்டி ஒரு கல்தூண் இருக்கு. தினம் ஆயிரக்கணக்கான பேர் பஸ் பிடிக்க ஓடும் இடம், யாரும் அதைப் பார்ப்பதில்லை. நீங்க பாருங்க.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758இல் மறுபடி முற்றுகை. கோட்டையை ஒட்டி வடக்கே உள்ளூர் மக்கள் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர்கள் 'கருப்பர் நகரம்' என்றார்கள். அந்த வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகும் என்று அவை படிப்படியாக இடிக்கப்பட்டன. பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேணும், அதுதான் அன்றைய 'பிரச்சினை'. இதற்கு அந்தப் பக்கம் யாரும் கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது இது ஒண்ணுதான். நீங்க இப்போ பார்த்துட்டு வந்த ஹைகோர்ட், அந்த இடிந்த ஊரின் மேலதான் நிக்குது.

தம்பு செட்டி தெரு: தலைக்கு மேலே

எதிரே தம்பு செட்டி தெருவுக்குள் கொஞ்சம் நுழைங்க. பழைய கட்டடம் எதிலாவது கடை இருந்தால், அனுமதி கேட்டுக் கூரையைப் பாருங்க. தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்கள் மூலைவாட்டில் வரிசையாக நின்றால், அதுதான் மெட்ராஸ் டெரஸ். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் ஒன்றோடொன்று ஒட்டி, மூலையிலிருந்து கட்டிக்கொண்டே வருவார்கள். கீழே சென்ட்ரிங் பலகை தேவையில்லை. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். வெயில் சீக்கிரம் உள்ளே இறங்காது.

ராயபுரத்தில் எங்க தாத்தா வீட்டுக் கூரையும் இதேதான். நான் ஒன்பதாவது படிக்கும்போது அதை இடிச்சு ஃபிளாட் கட்டினாங்க. கூரைக்கு ஒரு பேர் உண்டு என்று எனக்குத் தெரிந்ததே மூணாவது செமஸ்டரில். வீட்டில் ஆல்பம் முழுக்கத் தேடினேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் இருக்கு. அண்ணாந்து எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்லை.

ராஜாஜி சாலை: வளைவிலிருந்து கம்பிக்கு

கடைசியாக ராஜாஜி சாலையில் பீச் ஸ்டேஷனை நோக்கி நடங்க. சிஷோம் வடிவமைத்து 1884இல் திறந்த தலைமைத் தபால் நிலையம். அதே சாலையில் 1897இல் எழுந்த, இப்போது ஸ்டேட் வங்கி இயங்கும் கட்டடம். இரண்டிலும் வளைவுகளை எண்ணிப் பாருங்க. பிறகு மனசுக்குள் டேர் ஹவுஸைப் பக்கத்தில் வையுங்க. நாற்பது, ஐம்பது வருஷத்தில் வளைவுக்கு வேலை போயிடுச்சு. கான்கிரீட்டுக்குள் கம்பி வந்ததும் இழுவிசைக்கு ஆள் கிடைச்சாச்சு. அந்தக் காலத்துக் கட்டடங்களில் ஜன்னலுக்கு மேல் மெல்லிய சன்ஷேடு கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருப்பது அந்தத் தைரியத்தில்தான்.

பீச் ஸ்டேஷன் வந்தாச்சு. வீட்டுப்பாடம் சின்னதுதான். உங்க தெருவில் இருப்பதிலேயே பழைய வீட்டைக் கண்டுபிடிங்க. வீட்டுக்காரர்கிட்ட கேட்டு, சுவரின் தடிமனை அளங்க. கூரை எதனால் ஆனது, வெயில் எந்தப் பக்கம் விழுது, எல்லாத்தையும் ஒரு பக்கத்தில் வரைஞ்சு தேதி போடுங்க. எங்களுக்கு அனுப்பினா அடுத்த இதழில் போடுறோம். அடுத்த செமஸ்டர் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க, அதுக்குள்ள அந்த வீட்டில் சென்ட்ரிங் பலகை அடிச்சிருப்பாங்க.