திருத்தின பிறகும் டேட்டாபேஸ் பழைய விடையே சொல்லுதா?

ஒரு சின்ன ஃபங்ஷன் எடுத்துக்குங்க. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்கிற வேகத்தைக் கொடுத்தால், சுற்றி வர எத்தனை மணி நேரம்னு அது சொல்லணும். ஜாவாவில் 14-ஐ வேகத்தால் வகுத்து எழுதி, ஆரக்கிளில் ஏற்றி, எஸ்க்யூஎல்லில் கூப்பிடுறீங்க. வேகம் 4 கொடுத்தால் விடை 3. மூன்றரை வரணுமே! இரண்டும் முழு எண், அதனால் தசமம் போச்சு. 14.0 என்று மாற்றி, சேவ் பண்ணி, கம்பைலும் பண்ணிட்டீங்க. மறுபடி கேட்டால் அதே 3. நாளைக்கு ரிவ்யூ வேற.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துட்டு, வீட்டில் இருக்கிற நகலைத் திருத்தினால் அங்கே இருக்கிற மனு மாறுமா? அதே கதைதான். லோட்ஜாவா கட்டளை உங்க ஃபைலின் பிரதி ஒன்றை ஸ்கீமாவுக்குள்ளே வைக்கிறது. அதன் பிறகு லேப்டாப் ஃபைலை ஆரக்கிள் திரும்பிக்கூடப் பார்க்காது. திருத்தினால் மறுபடி ஏற்றணும்.

ஏற்றும்போது ரிசால்வ் ஆப்ஷனையும் போடுங்க. முடிந்ததும் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் வியூவில் அந்த கிளாஸ் ‘வேலிட்’ என்று இருக்கிறதா பாருங்க. திறந்திருக்கும் செஷனில் ஓஆர்ஏ-29549 வந்தால் பதற வேண்டாம். கிளாஸ் மாறிவிட்டது என்றுதான் அர்த்தம்; மறுபடி கூப்பிட்டால் ஓடும்.

ஏற்றுவது சோர்ஸா, கிளாஸா? ஒன்றை முடிவு பண்ணுங்க. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான். என் ஓட்டு சோர்ஸுக்கு. காரணம் வெர்ஷன்: ஆரக்கிள் 19சி-க்குள் இருப்பது ஜாவா 8. உங்க லேப்டாப்பின் ஜாவா 17-இல் சும்மா கம்பைல் பண்ணின கிளாஸ் அங்கே ஓடாது. சோர்ஸை ஏற்றினால் டேட்டாபேஸே கம்பைல் பண்ணிக்கும்.

இன்னொன்று, பலர் மறப்பது. ஜாவா மெத்தடை எஸ்க்யூஎல்லுக்கு அறிமுகப்படுத்துகிற ‘கிரியேட் ஃபங்ஷன்’ வரி தனி. 14-ஐ 14.0 ஆக்கினால் அதைத் தொட வேண்டாம். மெத்தட் பெயரோ, வாங்கும் மதிப்பின் வகையோ மாறினால் அதையும் திருப்பி எழுதணும். அதனால் ஜாவா ஃபைல், அந்த எஸ்க்யூஎல் ஃபைல், லோட்ஜாவா கட்டளை மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஒரே கிட் கமிட்டில் போடுங்க. டீமில் வேறொருத்தர் சிஸ்டத்தில் ஏற்றும்போது எது எதோடு சேரும்னு தேட வேண்டியதில்லை. வேண்டாத பழைய கிளாஸை எடுக்க ட்ராப்ஜாவா இருக்கு.

போஸ்ட்கிரெஸ் ஆட்கள் பிஎல்-ஜாவா போட்டிருந்தால், ஜார் ஃபைலை ‘ரீப்ளேஸ் ஜார்’ ஃபங்ஷனால் மாற்றணும். அங்கேயும் உள்ளே உட்காருவது பிரதிதான்.

லேபில் ஆரக்கிள் 11ஜி எக்ஸ்பிரஸ் எடிஷன் இருந்தால் இதில் எதுவும் நடக்காது. அதுக்குள்ளே ஜேவிஎம்மே கிடையாது. 18சி எக்ஸ்பிரஸ் போட்டுக்குங்க.