சுண்ணக் குன்றில் ஏறுமுன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் மலை என்றால் கடும்பாறைதான். வெள்ளறடையின் குரிசுமலையும், தமிழகப் பக்கம் சிதறாலின் திருச்சாரணத்து மலையும் அவ்வகையே. சுண்ணாம்புப் பாறை மலையை எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கண்டதில்லை. ஆகவே, ஒரு தாயும் மகனும் எங்கள் கிளைக்கு வந்து அத்தகைய மலையைப் பற்றி வாதிட்டபோது நாங்களும் சற்றுத் திகைத்தோம்.

இருவர் பெயரிலும் உள்ள வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரவேண்டும் என்றார் மகன். மலேசியாவின் பத்துமலையில் பாறையேறப் போகிறாராம். "முருகனைக் கும்பிடப் போறான்னா உடனே கையெழுத்துப் போடுவேன் சார். இவன் பல்லி மாதிரிச் சுவரில் ஏறப் போறான். கயிறு அறுந்தா என்ன செய்ய?" என்றார் தாய். இருவரும் கையெழுத்திடாமல் வைப்பை முறிக்க இயலாது. இரண்டு நாள் அவகாசம் கேட்டு, அந்த மலையைப் பற்றிப் படித்தோம்.

பத்துமலையின் 'பத்து' எண் அன்று. மலாய் மொழியில் கல் என்று பொருள். தம்புசாமிப் பிள்ளை அங்குக் கோயில் நிறுவியபின், 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. பக்தர்கள் 272 படிகளில் ஏறுகின்றனர். அதே குன்றின் வேறு முகங்களில் இளைஞர்கள் கயிறு கட்டி ஏறுகின்றனர்.

இக்குன்று பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிப்பிகளும் பிற கடலுயிர்களும் படிந்து இறுகியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் இலேசான அமிலமாகிச் சுண்ணாம்பை அரிக்கிறது. அதனால் குழிகளும் விளிம்புகளும் தொங்கும் விழுதுகளும் தோன்றி, செங்குத்துச் சுவரிலும் விரலுக்குப் பிடி கிடைக்கிறது. நம்மூர்ப் பாறை அவ்வாறு கரைவதில்லை. அது உருண்டு, தகடு தகடாக உரிவது. அங்குக் காலின் உராய்வை நம்பித்தான் ஏறவேண்டும். சிதறாலில் ஏறிப் பழகியவர் பத்துமலையிலும் தேறிவிடுவார் என எண்ணலாகாது. (சிதறாலில் சமணச் சிற்பங்கள் உள்ள பாதுகாக்கப்பட்ட பாறையில் கயிறு கட்டுவது அறவே கூடாது.)

சுண்ணாம்புப் பாறைக்கும் குறைகள் உண்டு. பலர் தொட்ட பிடிகள் மெருகேறி வழுக்கும். விழுதுகள் திடீரென ஒடியும். கடலோரமாயின் இன்னொரு கேடும் சேரும். தாய்லாந்தின் கிராபிக் கடற்கரைக் குன்றுகளில் பாறையில் பதித்த துருப்பிடிக்கா எஃகு ஆணிகள், வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே வெடித்து முறிந்தன. வெப்பமும் உப்பும் பாறையின் தாதுக்களும் சேர்ந்து செய்த வேலை அது. பின்னர் டைட்டானியம் ஆணிகளைப் பதிக்கத் தொடங்கினர். எனவே, ஆணி எந்த உலோகம், எப்போது பதித்தது என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டபின்பே ஏறவேண்டும்.

தாய் அஞ்சிய கயிற்று அறுப்போ அரிது. ஏறுவோருக்கான கயிறு இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்குமாறு நெய்யப்படுவது. கூரிய விளிம்பில் உரசாமல் காப்பதே முக்கியம். அடிக்கடி நேரும் விபத்து வேறு. மேலிருந்து இறக்கும்போது கயிறு போதாமல், அதன் நுனி கீழே நிற்பவரின் கருவியை விட்டு நழுவிவிடுகிறது. நுனியில் ஒரு முடிச்சு இருந்தால் அது நேராது. இத்தனை சிறிய செயலை எத்தனை பேர் மறக்கிறார்கள் என்பதே எங்களுக்கு வியப்பு.

காப்பீட்டையும் பார்த்தோம். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சீராக்கிய மருத்துவக் காப்பீட்டு விலக்குகளில் பாறையேற்றம் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. ஆனால் தொழில்முறையாக ஈடுபடுவோருக்கே அவ்விலக்கு. விபத்துக் காப்பீடும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாகச விளையாட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. "கவர் ஆகும்" என்ற வாய்ச்சொல் போதாது, எழுத்தில் பெறுங்கள்.

மூன்றாம் நாள் இருவரும் வந்தனர். வைப்பை முறிக்காமல் அதன்மீது கடன் பெறலாம் என்றோம், ஒப்புக்கொண்டனர். தாய் பேனாவை எடுத்து, மகனைப் பார்த்து, "அந்த முடிச்சை நீயே போடுவியா, மக்கா?" என்றார். அவர் தலையசைத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.