மின்விசிறி: முதலில் பாருங்கள், பிறகு துடையுங்கள், கடைசியில் செருகுங்கள்

பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வளவு துப்புரவாகி, கிணறு இறைத்து, கொட்டிலோ வீடோ எழும்பி, கடைசியில் மின்சார இணைப்பும் கிடைத்துவிட்டது. அன்று பின்னேரமே அநேகமான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். சாக்கில் கட்டி மூலையில் வைத்திருந்த பழைய மின்விசிறியை எடுத்து, துணியால் மேலோட்டமாகத் தட்டி, உடனே செருகிப் பார்ப்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே குழந்தை வெக்கையில் அழும்போது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

ஆனால் ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது. நீண்ட காலம் ஓடாமல் கிடந்த மின்விசிறியின் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். வயரை எலி கடித்திருக்கலாம். மோட்டருக்குள் குளவி கூடு கட்டியிருக்கலாம். செருகியதும் அது சுழலாமல் வெறுமனே இரையும். சில நிமிடங்களில் சூடேறி மணக்கத் தொடங்கும். அப்படியே விட்டால் மோட்டர் எரிந்துபோகும். ஓலையும் தடியும் உள்ள கொட்டிலில் எரிவது மோட்டர் மட்டுமாக இராது.

திருத்தி எடுக்கக்கூடிய ஒரு மின்விசிறியை அவசரத்தால் இழந்துவிட்டால், புதிது வாங்கும் காசு விதைநெல்லுக்கோ பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கோ வைத்திருந்த காசாக இருக்கும். ஆகவே இந்தப் பாடம் சொல்வது ஓர் ஒழுங்கை மட்டும்தான்: முதலில் பாருங்கள், பிறகு துடையுங்கள், கடைசியில் செருகுங்கள்.

1. உங்கள் மின்விசிறி எங்கிருந்து வந்தது?

கையில் எடுப்பதற்கு முன்னர் இதை யோசியுங்கள்.

நலன்புரி நிலையத்திலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ நீங்களே கொண்டுவந்ததாயின், அதன் குறை நிறை உங்களுக்குத் தெரியும். பயணத்தில் இறக்கை வளைந்ததா, வயர் நசுங்கியதா என்று பார்த்தால் போதும்.

பழைய வீட்டிலேயே விட்டுச் சென்றதாயின், அல்லது யாரும் இல்லாத வீட்டில் கிடந்ததாயின், தொட வேண்டாம். அந்த இடம் வெடிபொருள் அகற்றப்பட்டு, மக்கள் பாவனைக்கு விடப்பட்டது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். அறியாத பொருளோ சந்தேகமான கம்பியோ அருகில் தெரிந்தால் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மின்விசிறியாயின், வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் செருக வேண்டாம். மோட்டரின் கம்பிச் சுருளுக்குள் சேறும் ஈரமும் நிற்கும். திருத்துபவரிடம் கொடுத்துச் சோதித்த பின்னரே பாவிக்கலாம்.

2. செருகுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

பிளக்கைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் மின்விசிறியை ஒரு மேசையில் வையுங்கள்.

வயர்: பிளக்கிலிருந்து மோட்டர் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வெடிப்பு, எலிக்கடி, உள்ளே செப்புக் கம்பி தெரியும் இடம் ஏதும் இருந்தால் ரேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். வயரை முழுதாக மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது.

பிளக்: கால்கள் ஆடக்கூடாது, கருகியிருக்கக்கூடாது. பிளக் இல்லையென்று வயர் நுனியை உரித்து, தீக்குச்சியால் இறுக்கிச் செருகும் பழக்கம் எங்கள் பகுதிகளில் உண்டு. மேலே உள்ள துவாரத்தில் பேனையைக் குத்தி இரண்டு கால் பிளக்கை உள்ளே தள்ளுவதும் உண்டு. இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பிளக் பேஸுக்குப் பொருந்தும் பிளக்கையே பூட்டுங்கள்.

சுழற்சி: இறக்கையைக் கையால் மெதுவாகச் சுற்றிவிடுங்கள். தானாகச் சில சுற்றுகள் ஓடி நின்றால் நல்லது. கை எடுத்ததும் இறுகி நின்றால் அச்சில் எண்ணெய் காய்ந்துள்ளது, அல்லது தூசி அடைத்துள்ளது. கரகரவென்று சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ உரசுகிறது.

ஆட்டம்: அச்சைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். நன்றாக ஆடினால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அது திருத்துபவரின் வேலை.

3. மேசை விசிறியையும் நிலை விசிறியையும் துப்புரவாக்குதல்

தேவையானவை: ஒரு ஸ்குரூ டிரைவர், பழைய பற்தூரிகை, இரண்டு துணி, சவர்க்காரம் கலந்த தண்ணீர், தையல் மெசினுக்கு விடும் எண்ணெய் சிறிதளவு. சைக்கிள் பம் இருந்தால் மிக நல்லது.

முதலாவது, பிளக் கழன்றிருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கை உங்கள் கண்முன்னே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும்போது பிள்ளையொன்று எடுத்துச் செருகிவிடக் கூடாது.

இரண்டாவது, முன்பக்கக் கம்பிக்கூட்டின் கிளிப்புகளை விடுவித்துக் கழற்றுங்கள். கீழே ஒரு சிறிய ஆணி இருந்தால் அதையும் கழற்றிப் பத்திரமான பாத்திரத்தில் போடுங்கள்.

மூன்றாவது, இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியைக் கழற்றுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சாதாரண ஆணிகள் இடப்பக்கம் திருகக் கழலும். இறக்கை மூடியோ அநேகமான விசிறிகளில் எதிர்த்திசையில் மரையிடப்பட்டிருக்கும். மணிக்கூட்டு முள் சுழலும் பக்கமாகத் திருகினால்தான் கழலும். அதிலேயே அம்புக்குறி போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். தெரியாமல் பலத்தைப் போட்டால் மரை உடையும். பின்பக்கக் கம்பிக்கூட்டைப் பிடித்திருக்கும் வளையம் வழமைபோல இடப்பக்கமே கழலும்.

நான்காவது, இறக்கையையும் இரண்டு கம்பிக்கூடுகளையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். குசினிப் பக்கம் நின்ற விசிறியில் விறகுப் புகையும் எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். அதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிதுநேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். மணலாலோ சாம்பலாலோ உரஞ்ச வேண்டாம். பிளாஸ்ரிக் இறக்கையில் கீறல் விழுந்தால் தூசி இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். கழுவியதை நிழலில் வைத்து முழுதாகக் காயவிடுங்கள்.

ஐந்தாவது, மோட்டர். இதில் ஒரு துளி தண்ணீரும் படக்கூடாது. பின்மூடியைக் கழற்றி, காற்றோட்டத் துவாரங்களில் அடைத்துள்ள தூசியைக் காய்ந்த தூரிகையால் தட்டி, சைக்கிள் பம்மால் ஊதிவிடுங்கள். மோட்டர் தன்னைக் குளிரவைப்பது இந்தத் துவாரங்களால்தான். அடைபட்டால் மூச்சுத் திணறிய மனிதனைப்போல அது சூடேறித் தவிக்கும். உள்ளே உள்ள கம்பிச் சுருளையோ, அதனருகில் வயருடன் இணைந்திருக்கும் சிறிய பெட்டி போன்ற கப்பாசிற்றரையோ கையால் தொட வேண்டாம்.

ஆறாவது, எண்ணெய். அச்சு மோட்டருக்குள் நுழையும் இடத்தில், முன்னும் பின்னும், ஒன்றிரண்டு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். இறக்கை பூட்டும் கம்பியைக் கையால் பல தடவை சுற்றி எண்ணெயை உள்ளே இறங்கவிடுங்கள். வழிந்ததைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; நாட்போக்கில் பிசினாகி இறுகும். மண்ணெண்ணெயும் வேண்டாம், அது இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும், தீயும் பிடிக்கும்.

ஏழாவது, எல்லாம் காய்ந்த பின்னர் கழற்றிய ஒழுங்கின் மறுபக்கமாகப் பூட்டுங்கள். கம்பிக்கூடு இல்லாமல் விசிறியை ஒருநாளும் ஓடவிட வேண்டாம். குழந்தையின் விரலும் பெண்பிள்ளைகளின் தலைமயிரும் போவதற்கு ஒரு கணம் போதும்.

4. முதல் ஓட்டம்

காய்ந்த கையுடன், காலில் செருப்புடன் செருகுங்கள். குறைந்த வேகத்தில் போட்டு, பத்து நிமிடம் அருகிலேயே நில்லுங்கள். அன்றிரவே அதைப் போட்டுவிட்டு நித்திரைக்குப் போக வேண்டாம். ஒரு பகல் ஓடிப் பார்த்த பின்னர் இரவில் பாவிக்கலாம்.

இரைகிறது, சுழலவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். தடியால் தட்டிச் சுழலவைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் எண்ணெய் போதவில்லை. இலகுவாகச் சுழன்றால் அநேகமாகக் கப்பாசிற்றர் பலவீனமாகிவிட்டது. திருத்துமிடத்தில் இதைச் சொன்னால், மோட்டரையே மாற்றவேண்டும் என்று செலவைக் கூட்டிச் சொல்வதற்கு இடமிராது.

கருகிய மணம், புகை, உடலைத் தொட்டால் சுர் என்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மெயின் சுவிச்சை நிறுத்திய பின் பிளக்கைக் கழற்றுங்கள். அந்த விசிறியைத் திருத்தும்வரை மீண்டும் செருகக் கூடாது.

5. கூரை விசிறி உள்ள வீடுகள்

நிரந்தர வீட்டின் பழைய கூரை விசிறியை நம்புவதற்கு முன் அது தொங்கும் கொழுக்கியைப் பாருங்கள். கூரையில்லாமல் மழையில் நனைந்த வீட்டில் கொழுக்கியும் துருப்பிடித்திருக்கும், அதைத் தாங்கும் வளையும் உக்கியிருக்கும். கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாக்கும். கொழுக்கியில் துரு செதில் செதிலாக உதிர்ந்தால் விசிறியை இறக்கிவிட்டுக் கொழுக்கியை மாற்றுங்கள். இறக்கைக்கும் நிலத்துக்கும் இடையில் ஆகக் குறைந்தது 7 அடி இருக்க வேண்டும்.

துடைக்கும்போது மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். மேசைமேல் கதிரையை அடுக்கி ஏற வேண்டாம். உறுதியான ஏணியில் ஏறுங்கள், ஒருவர் கீழே பிடித்திருக்கட்டும். பழைய தலையணை உறை ஒன்றை இறக்கைக்குள் மாட்டி, இரு பக்கமும் அழுத்தி வெளியே இழுத்தால் தூசி முழுதும் உறைக்குள் விழும். இறக்கையில் தொங்கவோ அழுத்தவோ வேண்டாம். ஓர் இறக்கை சிறிது வளைந்தாலும் விசிறி ஆடும். ஆட ஆட ஆணிகள் தளரும்.

தற்காலிகக் கொட்டிலில் கூரை விசிறி பூட்டவே வேண்டாம். கொட்டில் தடி ஓடும் விசிறியைத் தாங்குவதற்கு உரியதல்ல.

6. தகரக் கொட்டிலில் கூடுதல் கவனம்

தகரத்தின் விளிம்பு கத்தி போன்றது. விசிறி வயரைத் தகர இடுக்கினூடாக இழுத்தால், காற்றில் தகரம் அசைய அசைய வயரின் தோல் அறுபடும். அப்போது மின்சாரம் தகரம் முழுவதிலும் பாயக்கூடும். மழைநாளில் அந்தச் சுவரில் சாய்பவருக்கு உயிராபத்து. வயரை பிளாஸ்ரிக் குழாயினுள் விட்டுக் கொண்டுபோங்கள். அயல்வீட்டிலிருந்து வேலியில் வயர் இழுத்து மின்சாரம் எடுப்பதைத் தவிருங்கள்.

உங்கள் மின்மானிக்கு அருகில் ட்ரிப் சுவிச் இருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் வயரிங் வேலை தெரிந்தவரை அழையுங்கள். அடிக்கடி தானாக விழுந்தால் அதைக் கட்டி வைக்க வேண்டாம். எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது.

யாரையாவது மின்சாரம் பிடித்தால் கையால் இழுக்க வேண்டாம். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியாலோ பிளாஸ்ரிக் கதிரையாலோ வயரைத் தள்ளிவிடுங்கள். பின்னர் 1990 இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். விசிறி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மெயினை நிறுத்தி, காய்ந்த மண்ணைப் போடுங்கள்.

7. மின்கட்டணமும் உங்கள் விசிறியும்

சாதாரண மேசை விசிறி ஒன்று ஏறக்குறைய 50 வாற் எடுக்கும். இரவில் 8 மணித்தியாலம் ஓடினால் 400 வாற் மணி, அதாவது 0.4 அலகு. 30 நாளுக்கு 12 அலகு. மாதப் பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். ஆகவே 30 அலகுக்குள் நிற்க விரும்பும் வீட்டுக்கு இந்த 12 அலகு சிறிய கணக்கல்ல. விசிறி அறையைக் குளிரவைப்பதில்லை. உடலின் வியர்வையை உலரவைத்துத்தான் எங்களுக்குக் குளிர்ச்சி தருகிறது. ஆளில்லாத அறையில் அது ஓடுவது வீண். தூசி படிந்த இறக்கை அதே மின்சாரத்துக்குக் குறைந்த காற்றையே தரும்.

8. நினைவில் வைக்க ஓர் அட்டவணை

வாரம் ஒருமுறை: பிளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பிக்கூட்டைக் காய்ந்த துணியால் துடையுங்கள்.
மாதம் ஒருமுறை: இறக்கையைக் கழற்றிக் கழுவுங்கள், வயரையும் பிளக்கையும் பாருங்கள், ட்ரிப் சுவிச்சைச் சோதியுங்கள். சோளகம் வீசிப் புழுதி எழும்பும் மாதங்களில் இரண்டு முறை கழுவுங்கள்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை: மோட்டர்த் தூசியை ஊதி, எண்ணெய் விடுங்கள்.
மாரி தொடங்க முன்: வயர் போகும் வழியில் ஒழுக்கு உண்டா என்று பாருங்கள். வெள்ளம் வரும் வளவாயின் விசிறியை உயரத்தில் வைக்க ஓர் இடம் தீர்மானியுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டு விசிறியின் வயரைக் கடைசியாக முழுதாகத் தடவிப் பார்த்தது எப்போது?
2. இறக்கை மூடி எந்தப் பக்கமாகத் திருகினால் கழலும்?
3. விசிறி இரைந்தும் சுழலாவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?
4. மெயின் சுவிச் எங்கே இருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுமா?

நான்காவது கேள்விக்கு விடை தெரியாத ஒருவர் வீட்டில் இருந்தால், இந்தக் கைந்நூலை மூடிவைத்துவிட்டு இப்போதே அவரைக் கூட்டிச் சென்று காட்டுங்கள். விசிறியை நாளைக்குத் துடைக்கலாம்.