கானகத்துள் ஒரு கோட்டம்

நுழையும்முன்

அடர்ந்த காட்டினுள் சிதைந்து கிடக்கும் தொன்மையான இடங்களை ‘மறைந்துபோனவை’ என்கிறோம். யாருடைய பார்வையிலிருந்து அவை மறைந்தன? தேனி மாவட்டத்து மலையுச்சியிலுள்ள கண்ணகி கோட்டம் இவ்வினாவை எழுப்புகிறது.

மலைமுகட்டில்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு விளிம்பில், தமிழகமும் கேரளமும் எல்லை கொள்ளும் மலைமுகட்டில், ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில் கற்கோயில் ஒன்று சிதைந்து நிற்கிறது. மங்கலதேவி கண்ணகி கோட்டம் என்பது அதன் பெயர். சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்கள் அங்குச் செல்ல இசைவு உண்டு. ஏனைய நாள்களில் அது யானைக்கும் காட்டெருமைக்கும் உரிய இடம்.

கோட்டத்தை அடைய இரு வழிகள் உள்ளன. கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் தொலைவுக்கு நடைவழி செங்குத்தாக ஏறுகிறது. குமுளியிலிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஊடே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மண்பாதையில் ஜீப்புகள் செல்கின்றன. தேனி, இடுக்கி மாவட்ட நிருவாகங்கள் முன்கூட்டியே கலந்துபேசி விழாவுக்கு ஏற்பாடு செய்கின்றன. நெகிழிப் பொருள்களைக் கொண்டுசெல்லத் தடை உண்டு. காலையில் ஏறியோர் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.

சோலைக்காட்டைக் கடந்ததும் புல்வெளி விரிகிறது. அதன் மேலே சரிந்த சுவர்களும் பெயர்ந்த கற்களும் தென்படுகின்றன. கீழே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தென்னந்தோப்புகளும் ஊர்களும் தெரிகின்றன. வழிபட வரும் பெண்கள் மங்கல நாணும் வளையலும் பெற்றுத் திரும்புகின்றனர்.

காப்பியம் காட்டும் தடம்

மதுரையை எரித்த கண்ணகி, வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பதினான்கு நாள்களுக்குப்பின் அவள் கோவலனோடு விண்ணுலகு சென்றதைக் கண்டவர்கள் குன்றக்குறவர்கள். மலைவளம் காண வந்து பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் அச்செய்தியை அவர்களே உரைத்தனர். அதன் பின்னரே மன்னன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோட்டம் எடுத்தான்.

இக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டு தேடிய பேராசிரியர் சி. கோவிந்தராசனார், 1963இல் மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என அறிவித்தார். செங்குட்டுவன் எடுத்த கோட்டம் கொடுங்கல்லூரில் உள்ளது என்போரும் உளர். இன்று மலைமேல் காணப்படும் கட்டுமானம் செங்குட்டுவன் காலத்தது அன்று; இடைக்காலப் பாண்டியர் கலைப்பாணியைச் சார்ந்தது. எனவே, நம்பிக்கை, இலக்கியச் சான்று, கட்டடச் சான்று ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

மறைந்ததா?

நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டு மழைக்காட்டில் திக்கால் என்னும் மாயர் நகரம் உள்ளது. ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டில் மக்கள் அதனைக் கைவிட்டனர். கோபுரங்களைக் காடு மூடியது. 1848இல் அரசு அலுவலர்கள் அங்குச் சென்றபின் அதனை உலகம் அறிந்தது. ஆயினும், அவர்களுக்கு முன்பே அந்நகரை அறிந்திருந்தவர்கள் அக்காட்டுப் பகுதி மக்கள்.

கண்ணகி கோட்டத்தின் செய்தியும் இத்தகையதே. அறிஞர் அடையாளம் காண்பதற்கு முன்பே, மலையடிவார மக்கள் மங்கலதேவி என்னும் பெயரால் அத்தெய்வத்தை அறிந்திருந்தனர். அறிஞர் செய்தது, மக்களின் நினைவையும் காப்பியத்தின் சொல்லையும் இணைத்துப் பார்த்தது. மன்னனுக்கும் வழிகாட்டியவர்கள் குன்றத்து மக்களே என்பதைக் காப்பியமும் மறைக்கவில்லை.

கல்லும் காடும்

கோட்டத்தின் உரிமை குறித்து இரு மாநிலங்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அதற்கிடையே மழையும் வேர்களும் கற்களைப் பெயர்க்கின்றன. சீரமைத்து நாள்தோறும் திறந்துவிடுக என்பது பலரின் வேண்டுகோள். நல்ல பாதை அமைந்தால் கோயில் பிழைக்கும். ஆனால், கூட்டம் பெருகினால் காடு பிழைக்குமா? முல்லைப் பெரியாறு அணை எழுந்த 1895 முதல், இம்மலைக்காடுகளில் பெய்யும் மழையே சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. காடு அழிந்தால், முழுநிலவு நாளில் மலையேறும் உழவரின் வயலும் வறளும்.

திக்கால் 1979இல் இயற்கை மரபு, பண்பாட்டு மரபு என்னும் இருவகையாலும் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கல்லையும் காட்டையும் ஒருசேரக் காக்கலாம் என்பதற்கு அஃது ஒரு சான்று. கண்ணகி கோட்டத்துக்கும் அத்தகைய பாதுகாப்பே பொருந்தும். சரிந்த சுவரை நிறுத்த இரு மாநிலங்களும் இணைய வேண்டும். ஏறுவோர் தொகைக்கும் ஓர் அளவு வேண்டும். நீதி கேட்டு நின்ற ஒருத்தியின் நினைவிடத்தைக் காக்கும்போது, அதனைச் சூழ்ந்த உயிர்களுக்கும் நீதி வழங்குதல் முறையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பழைய இடம் ஒன்றைப் பற்றி முதியோர் கூறும் செய்திகளையும் எழுத்துச் சான்றுகளையும் தனித்தனியே தொகுக்க.
2. ‘கண்ணகி கோட்டத்தை நாள்தோறும் திறக்க வேண்டும்’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.