கலம் பிடித்த தங்கைக்கு



பட்டப்படிப்பு முடித்த கையோடு அப்பாவின் மூங்கில் எழுதுகோலான கலத்தை எடுத்துக்கொண்டு சிக்கல்நாயக்கன்பேட்டையில் துணியில் கலம்காரி ஓவியம் எழுத உட்கார்ந்திருக்கிறாய். பார்க்கிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "பரவாயில்லையே, பழைய கலையைக் காப்பாற்ற வந்துவிட்டாய்!" என்பது ஒன்று. "இதில் சோறு கிடைக்குமா?" என்பது இன்னொன்று. பாராட்டை நன்றியோடு வாங்கிக்கொள். கேள்வியை மட்டும் மறந்துவிடாதே. அதற்குப் பதில் தேடியவர்களின் கதை ஒன்று குஜராத்தின் கச்சுப் பகுதியில் இருக்கிறது.

கச்சில் தமட்கா என்றொரு கிராமம். சிந்துப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வந்த கத்ரி குடும்பங்கள் அங்கே அஜ்ரக் துணி அச்சிட்டு வாழ்ந்தன. மரக்கட்டை அச்சு, அவுரியின் நீலம், மஞ்சிட்டியின் சிவப்பு, இரும்பின் கருப்பு. அந்தக் கருப்பு பிறக்கும் விதம் உனக்குப் புதிதல்ல. துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். கடுக்காய் நீரில் ஊறி உலர்ந்த துணியில் அந்த நீர் பட்டதும் கருக்கும். உன் வீட்டுக் கொல்லைப் பானையில் புளிக்கும் கசிமியும் அதுவேதான். அவர்கள் கட்டையால் அச்சிடுகிறார்கள், நீ கலத்தால் எழுதுகிறாய். சாயத்தின் வழி ஒன்றுதான்.

அஜ்ரக்கை வாங்கி உடுத்தியவர்கள் கால்நடை மேய்க்கும் மால்தாரிகள். லுங்கி, தலைப்பாகை, தோள்துண்டு எல்லாம் அவர்களுக்கு அதுதான். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ரசாயனச் சாயம் வந்தது. கை பழகிய பழைய முறைகள் ஒவ்வொன்றாக நழுவின. பிறகு மலிவான பாலியெஸ்டர் வந்தது, மால்தாரிகளும் அதற்கு மாறினார்கள். வாங்குகிறவர் போனபின் அச்சுக்கட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முகமது சித்திக் கத்ரி பின்னோக்கிப் போனார். மறக்கத் தொடங்கியிருந்த இயற்கைச் சாய முறைகளைத் தேடிச் சேர்த்து, ரசாக், இஸ்மாயில், ஜப்பார் என்ற மூன்று மகன்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1970களில் குஜராத் மாநிலக் கைவினைக் கழகம் நகரத்து வாடிக்கையாளர்களுக்காக இத்தகைய துணியைத் தேடியபோது, அவரிடம் சரக்கும் இருந்தது, அறிவும் இருந்தது. மேய்ப்பரின் லுங்கி நகரத்துப் பெண்ணின் சேலையாக, துப்பட்டாவாக, படுக்கை விரிப்பாக ஆனது. ஆனால் கடுக்காயில் தொடங்கி அலசலில் முடியும் பதினான்கு, பதினாறு கட்டங்களை அவர் சுருக்கவில்லை.

2001 ஜனவரி 26 அன்று பூகம்பம் வந்தது. தமட்கா இடிந்தது. நிலத்தடி நீரில் இரும்பும் கூடிவிட்டது. கருப்புக்கு இரும்பு வேண்டும்தான், ஆனால் அலசும் தண்ணீரில் இரும்பு இருந்தால் மற்ற நிறங்கள் எல்லாம் மங்கிப்போகும். பல குடும்பங்கள் நல்ல தண்ணீர் தேடிப் புஜ் நகருக்கு அருகே குடியேறின. புது ஊருக்கு அஜ்ரக்பூர் என்று பெயர் வைத்தார்கள். அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் இஸ்மாயில் கத்ரி. இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பின்னர் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தக் குடும்பங்கள் ஊரையே மாற்றிக்கொண்டன, சாயத்தை விடவில்லை.

எதை மாற்றலாம், எதை விடக்கூடாது என்ற இந்தக் கணக்கைத்தான் நீயும் போட வேண்டும், தங்கையே. தொம்பை, தோரணம், விதானம், தேர்ச்சீலை என்று கோயில்கள் வாங்கியவரை உங்கள் தெருவுக்கு வேலை இருந்தது. இன்று அந்த ஒரு வாசலை மட்டும் நம்ப முடியாது. தொம்பையில் எழுதும் யாளியைச் சேலைத் தலைப்பில் எழுதலாம், சுவரில் மாட்டும் சீலையில் எழுதலாம். அதில் தவறில்லை. எருமைப்பாலும் கடுக்காயும் ஊறாத துணியில் எழுதுவதுதான் தவறு. அதில் கோடு பரவும். அலசலைக் குறைத்தால் நிறம் தெளியாது. கடைகளில் கலம்காரி என்ற பெயரில் திரை அச்சுத் துணி குவிந்து கிடக்கிறது. விலையில் அதோடு போட்டியிட யாராலும் முடியாது. நீ அதோடு போட்டியிடாமல் இருப்பதற்கான காரணம் உன் துணியிலேயே தெரிய வேண்டும்.

உன் கலைக்கே ஒரு முன்னோடிக் கதை உண்டு. 1950களின் இறுதியில் காளஹஸ்தியில் கலம்காரி அணையும் நிலையில் இருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமையிலான அகில இந்தியக் கைவினை வாரியம் அங்கே பயிற்சி மையம் தொடங்கியது. ஜொன்னலகட்டா லட்சுமய்யா கற்றுக்கொடுத்தார். அவர் குடும்பத்துக் குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கற்றுக்கொடுக்க ஒருவரும் உட்கார்ந்து கற்க நாலு பேரும் இருந்ததால்தான் அங்கே கலம் ஓயவில்லை.

கச்சில் இன்னொன்றையும் செய்தார்கள். ஜூடி ஃப்ரேட்டர் 2005இல் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். 2014இல் சோமையா கலா வித்யா என்ற பள்ளியும் வந்தது. மாணவர்கள் எல்லாரும் கைவினைஞர்கள். இரண்டு வாரம் வகுப்பு, பிறகு வீடு, தொழில், வீட்டுப்பாடம், மறுபடி வகுப்பு. நிறம், வடிவம், சந்தை என்று ஒவ்வொன்றாகப் பாடம். அடுத்தவர் வரைந்து தருவதைச் செய்து கொடுக்கும் கூலியாக நில்லாமல், தன் துணியைத் தானே யோசிக்கப் பழக்குவதுதான் நோக்கம். நாளை ஒரு நகரத்து வடிவமைப்பாளர் மாதிரி கொண்டுவந்து ஆர்டர் தந்தால் வாங்கிக்கொள். ஆனால் வருடத்துக்கு நாலு சீலையாவது உன் தலையில் தோன்றியதை எழுது.

சில காகித வேலைகளைச் சோம்பலில் விட்டுவிடாதே. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு கிடைப்பதோடு வேலை முடிவதில்லை. அதைத் தன் சரக்கில் போட விரும்பும் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். உன் துணி அதன் வரம்புக்குள் வருமா என்று பதிவகத்தில் கேட்டுத் தெரிந்துகொள். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையையும் வாங்கிவிடு. 1973இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் பூம்புகார் கைவினை நிறுவனத்தின் கண்காட்சிகளில் இடம் கேள்.

கடைசியாக விலை. இங்கேதான் பெரும்பாலான வீடுகள் ஏமாறுகின்றன. கோடு எழுதிய நாளுக்குக் கூலி போடுவார்கள். காடாத் துணியை அலசிய நாள், அம்மா கடுக்காய் இடித்த மதியம், புளியங்கரி சுட்ட நேரம், மழை வந்து துணி காயாமல் போன வாரம் எதுவும் கணக்கில் ஏறாது. அந்த வேலைகளில் பாதி பெண்களுடையது என்பதாலேயே அவை வேலையாகத் தெரிவதில்லை. பேரம் பேசுகிறவர் குறைப்பது அந்த எழுதப்படாத நாட்களைத்தான்.

அடுத்த கசிமிப் பானையை மூடும் அன்று ஒரு நோட்டைத் திற. தேதி, வெல்லத்தின் விலை, யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று தினமும் இரண்டு வரி எழுது. துணி விற்றுப் பணம் கைக்கு வரும் நாள் வரை எழுது. அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது அந்த நோட்டும் பையில் இருக்கட்டும். யாராவது விலை கேட்டால், வாய் திறக்கும் முன் அம்மாவின் கூலி எழுதிய பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் எழுத்தைப் பார்த்து மகிழும் ஒரு வாசகர்