கர்ப்பப்பை வாயில் அறுவை நடந்த பின் கர்ப்பம்: தையல் யாருக்கு, எப்போது

நாச்சியாபுரம்

அன்பு மகளுக்கு,

கர்ப்பப்பையின் அடியில், பிறப்புவழிக்குள் சற்றே நீண்டிருக்கும் குறுகலான கழுத்துப் பகுதிதான் கர்ப்பப்பை வாய். மூன்றிலிருந்து நான்கு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். குழந்தை வளரும் மாதங்களெல்லாம் இறுக மூடியிருப்பதும், பிரசவ நாளில் சில மணி நேரத்துக்குள் பத்து சென்டிமீட்டர் திறந்துகொடுப்பதும் அதன் வேலை. உறுதியாக மூடி நிற்கும் பலம் அதற்குத் தசையைவிடக் கொலாஜன் என்ற நாரிலிருந்தே அதிகம் வருகிறது. அங்குள்ள சுரப்பிகள் கெட்டியான சளியைச் சுரந்து வழியை அடைக்கின்றன. கிருமி மேலேறாமல் தடுப்பது அந்தச் சளிதான். ஆகவே வாயிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்தால் நீளம் குறைவதோடு நாரும் குறைகிறது, சளிச் சுரப்பிகளும் குறைகின்றன. அறுவைக்குப் பிறகு வரும் கர்ப்பத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

அந்தத் துண்டை எடுப்பது பெரும்பாலும் புற்றுநோய் வராமல் தடுப்பதற்காக. எச்.பி.வி. என்ற வைரஸ் பல ஆண்டுகள் தங்கிவிட்டால் வாயின் மேல்தோல் செல்கள் மாறத் தொடங்கும். அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் நோய் வரும் முன்பே தடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் இதற்கு உறுதியான சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செய்து பார்த்தார்கள். அம்பிளிக்கை மருத்துவமனையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2007-இல் லான்செட் இதழில் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆண்டு தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது. இன்று சிறு வயதிலேயே சிகிச்சை பெற்று, பிறகு கர்ப்பம் தரிக்கும் பெண்கள் பெருகியிருப்பதற்கு இந்தப் பரிசோதனைகளும் ஒரு காரணம். உயிரைக் காத்த அறுவை அது. அதைச் செய்துகொண்டோமே என்று பின்னால் வருந்த இடமில்லை.

எல்லாச் சிகிச்சையும் ஒன்றல்ல. குளிரால் உறையவைக்கும் கிரையோ, சூட்டால் பொசுக்கும் முறை இரண்டிலும் துண்டாக எதையும் வெட்டியெடுப்பதில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு அவற்றால் வரும் பாதிப்பு குறைவு. மின்கம்பி வளையத்தால் சீவியெடுப்பது லீப். கத்தியால் கூம்பு வடிவில் ஆழமாக எடுப்பது கோன் பயாப்ஸி. ஆரம்பக் கட்டப் புற்றுநோய்க்குக் கர்ப்பப்பையை விட்டுவைத்து வாயை மட்டும் நீக்குவது டிரக்கிலெக்டமி. இந்த வரிசையில் குறைமாதப் பிரசவ ஆபத்தும் ஏறுகிறது.

ஆபத்து எவ்வளவு என்பதை எண்ணிக்கையோடு பார்த்தால் பயம் அதன் அளவுக்குள் நிற்கும். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2016-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 71 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை பெறாத பெண்களில் 5.4 சதவீதம் பேருக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவமானது. சிகிச்சை பெற்றவர்களில் அது 10.7 சதவீதம். இரு மடங்கு என்று சொன்னால் திகிலாக இருக்கும். ஆனால் சிகிச்சை பெற்றவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்குக் குழந்தை மாதம் நிறைந்தே பிறந்திருக்கிறது. 28-30 வாரத்துக்கு முன் பிறந்தது நூற்றில் ஒருவருக்குத்தான். எடுத்த துண்டின் ஆழத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு வெகுவாக மாறுகிறது. பத்து மில்லிமீட்டருக்குள் என்றால் ஆபத்து சிறிதளவே கூடுகிறது. இருபது மில்லிமீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. இரண்டாம் முறை லீப் செய்தவருக்கும் அதிகம்.

ஆகவே இந்த விஷயத்தில் முதலில் தேட வேண்டியது அறுவை நடந்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்ஸி ரிப்போர்ட்டும். எடுத்த துண்டின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் மில்லிமீட்டரிலோ சென்டிமீட்டரிலோ எழுதியிருப்பார்கள். ‘கர்ப்பப்பை வாயில சின்னதா ஒரு ஆபரேஷன்’ என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்த ஒரு வரி மருத்துவருக்கு நூறு பங்கு உதவும். தாள் தொலைந்திருந்தால் அதே மருத்துவமனையில் நகல் கேட்கலாம்.

கல்யாணத்துக்கு முன் நடந்த சிகிச்சையைப் புகுந்த வீட்டுக்குச் சொல்லக் கூசி மறைப்பது செட்டிநாட்டுப் பக்கம் இன்றும் உண்டு. மாமியார் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும்போது மருத்துவர் ‘முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்ததா’ என்று கேட்க, இல்லை என்று தலையாட்டிவிடுகிறார்கள். வீட்டில் யாரிடம் சொல்வது என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். மருத்துவரிடம் மறைப்பது மட்டும் கூடாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். எச்.பி.வி. தொற்று பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போவது. அதில் யாருடைய ஒழுக்கமும் குறைந்துவிடுவதில்லை.

அறுவைக்குப் பின் கர்ப்பத்துக்கு மருத்துவர்கள் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாத இடைவெளி கேட்பார்கள். புண் ஆற வேண்டும், மாறிய செல்கள் முழுதாக நீங்கினவா என்று மறுபரிசோதனையில் தெரிய வேண்டும். லீப் செய்ததால் பொதுவாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவதில்லை. தழும்பு சுருங்கி வழி அடைபடுவது அபூர்வம். மாதவிலக்கு சரியாக வராமல் வயிறு வலித்தால் அதைக் காட்ட வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போதே அறுவை நடந்ததை நர்சம்மாவிடம் சொல்லி, அட்டையில் எழுதவைக்க வேண்டும். பிறகு மகப்பேறு நிபுணர் பார்ப்பது அவசியம். காரைக்குடி அரசுத் தலைமை மருத்துவமனையும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நாச்சியாபுரம் சுற்றுவட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆபத்து கூடுதலாக இருப்பவர்களுக்கு மதுரை.

வாயின் நீளத்தைச் சரியாக அளக்க வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் போதாது. டிவிஎஸ் எனப்படும் உள் ஸ்கேன் வேண்டும். சிறுநீர் கழித்து வந்து படுத்த பின், விரல் தடிமனுள்ள கருவியை உறை மாட்டி உள்ளே வைப்பார்கள். திரையில் மேல்துளையும் கீழ்த்துளையும் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை மூன்று முறை அளந்து, மிகக் குறைந்ததை எழுதுவார்கள். ஐந்து நிமிட வேலை, வலி கிடையாது. குழந்தைக்கோ தாய்க்கோ தீங்கில்லை, கருவும் கலையாது. சாதாரணமாக 35 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அதைக் குறுகியது என்பார்கள். ஆழமாக எடுத்தவர்களுக்கு 16-ஆம் வாரம் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 24 வாரம் வரை அளப்பது நல்ல வழக்கம். சின்ன லீப் ஒன்றே நடந்தவருக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தைக்குக் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனோடு ஒருமுறை அளந்தால் பெரும்பாலும் போதும்.

அந்த அளவை வைத்துத்தான், வாய் திறந்துவிடாமல் சுற்றிக் கட்டும் தையல் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே வர வேண்டும். அறுவை நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் தையல் போடுவதை இன்றைய வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. நீளம் நன்றாக நின்றால் ஒன்றுமே தேவையில்லை. குறைந்தால் இரவில் உள்ளே வைக்கும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் மாத்திரை ஒரு வழி, தையல் இன்னொரு வழி. முன்பே நாலாம் ஐந்தாம் மாதத்தில் வலியில்லாமல் கரு நழுவிப் போனவருக்கு, வாயும் குறுகினால், தையலின் பக்கம் தராசு சாயும். அப்படிப் பல முறை இழந்தவருக்கு அளவு குறையும்வரை காத்திராமல் 12-14 வாரத்திலேயே போடுவதும் உண்டு.

இந்தத் தையல் இந்தியாவில் பிறந்தது. கோவாவின் சிரோடாவில் 1899-இல் பிறந்த விட்டல் நாகேஷ் சிரோட்கர், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்குள் திரும்பத் திரும்பக் கருவை இழக்கும் பெண்களில் ஒரு சாராருக்கு, குழந்தையிடம் குறையில்லை, வாய்தான் வலியின்றித் திறந்துவிடுகிறது என்று அவர் கண்டார். பெண்ணின் தொடையிலிருந்தே மெல்லிய சவ்வுப் பட்டை ஒன்றை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டினார். அந்த முறையை 1955-இல் ‘ஆன்டிசெப்டிக்’ இதழில் வெளியிட்டார். அது 1904 முதல் சென்னையிலிருந்து வந்த மருத்துவ மாத இதழ். இரண்டு பக்கக் கட்டுரைதான். உலகம் முழுவதும் பிரசவ அறைகளில் இன்றும் அவர் பெயர் ஒலிக்கிறது. 1957-இல் மெல்போர்னின் இயன் மெக்டொனால்டு இன்னும் எளிதான ஒரு முறையைச் சொன்னார். இப்போது அதிகம் போடுவது அதைத்தான்.

மெக்டொனால்டு தையலுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வார்கள். கால்களைத் தூக்கிவைத்து, வாயின் ஓரத்தை மெல்லப் பிடித்து இழுத்து, தடித்த நூலையோ பட்டை நாடாவையோ நாலைந்து இடங்களில் குத்தி வட்டமாகக் கொண்டுவருவார்கள். இரு பக்கமும் ரத்தக் குழாய்கள் ஓடும் இடத்தைத் தவிர்த்துவிடுவார்கள். பிறகு சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பது போல இழுத்து முடிச்சிடுவார்கள். பின்னால் பிடித்து எடுப்பதற்காக நூலின் நுனியை நீளமாகவே விடுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓரிரு நாள் லேசான ரத்தக்கசிவும் அடிவயிற்று இழுப்பும் இருக்கலாம்.

ஆழமான கோன் பயாப்ஸிக்குப் பிறகு உள்ளே நீண்டிருக்கும் பகுதியே சில பெண்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது. குத்துவதற்கு இடம் கிடைக்காது. அவர்களுக்கு மூத்திரப்பையை மேலே தள்ளி உயரத்தில் போடும் சிரோட்கர் முறையோ, வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பியிலோ போடும் தையலோ தேவைப்படும். வயிற்று வழித் தையலைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். அது நிரந்தரமாக இருப்பதால் பிரசவம் சிசேரியன்தான். டிரக்கிலெக்டமி செய்தவர்களுக்கும் அந்த அறுவையின்போதே நிரந்தரத் தையல் போட்டுவிடுவது வழக்கம்.

தையல் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நம்பவும் கூடாது. 1,292 பெண்களிடம் நடத்தி 1993-இல் வெளியான பன்னாட்டுச் சோதனையில், தையல் போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு 33 வாரத்துக்கு முன் பிரசவமானது. போடாதவர்களில் 17 சதவீதம். ஏறக்குறைய 25 பேருக்குப் போட்டால் ஒருவருக்குப் பலன். முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ 37 வாரத்துக்கு முன்பே கர்ப்பம் முடிந்துபோனவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. சும்மா பாதுகாப்புக்கு ஒன்று போட்டுவிடலாம் என்ற பேச்சு இங்கே பொருந்தாது. இரட்டைக் குழந்தைகளாக இருந்தால் வாய் குறுகியதற்காக மட்டும் போடும் தையலால் பொதுவாக நன்மை காணப்படவில்லை. காய்ச்சல், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், விட்டுவிட்டு வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் தையல் போடக்கூடாது.

தையல் போட்டவரைப் பிரசவம்வரை கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைப்பது நம் வீடுகளில் பாசத்தால் நடக்கும் தவறு. முழுநேரப் படுக்கையால் குழந்தை வயிற்றில் கூடுதல் நாள் தங்குவதாகச் சான்றில்லை. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் அதனால் கூடுகிறது. கனம் தூக்காமல், நெடுநேரம் நிற்காமல், வீட்டு வேலையை அளவோடு செய்யலாம். தாம்பத்திய உறவு பற்றி மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. தண்ணீர் போல் ஒழுகுவது, ரத்தம் படுவது, கீழே ஏதோ அழுத்துவது போன்ற உணர்வு, விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, நாற்றமுள்ள வெள்ளை, காய்ச்சல். இரவென்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். குறைமாதப் பிரசவம் நெருங்கினால் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதற்கு வேலை செய்ய நேரம் தேவை.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் வழக்கத்தில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. ஊர் மாறும்போது மருத்துவரும் மாறுகிறார். உள்ளே தையல் இருப்பது புதிய மருத்துவமனைக்குத் தெரியாமல் போனால், வலி வந்தபின் வாய் திறக்க முயலும், நூல் விடாது, வாய் கிழிந்து ரத்தம் பெருகும். ஆகவே ஃபைல் முழுவதும் கூடவே போக வேண்டும். அட்டையின் முகப்பிலேயே ‘தையல் உள்ளது, எடுக்க வேண்டிய தேதி’ என்று எழுதியிருக்க வேண்டும். தாய்வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பிரசவம் பார்க்கும் இடத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்பதையும் வளைகாப்புக்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

சாதாரணத் தையலை 36 அல்லது 37-ஆம் வாரத்தில் பிரித்தெடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. பிரித்த அன்றே வலி வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, பலருக்கு அதன்பிறகும் இரண்டு மூன்று வாரம் போகிறது. லீப்போ தையலோ மட்டும் சிசேரியனுக்குக் காரணமாகாது, சுகப்பிரசவம் ஆகலாம். தழும்பு கெட்டியாக இருந்தால் வாய் திறக்கச் சற்றுத் தாமதமாகும். சிசேரியன் வேறு காரணத்துக்காக முடிவானால் தையலை அப்போதே எடுத்துவிடுவார்கள்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துப் பாப் ஸ்மியரோ எச்.பி.வி. சோதனையோ செய்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தின் பரபரப்பில் தள்ளிப்போட்ட மறுபரிசோதனைகளை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு இந்த முறை எந்த வாரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது, எந்த நூலால் எந்த முறையில் தையல் போட்டார்கள், எந்த வாரத்தில் குழந்தை பிறந்தது என்ற விவரங்கள் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டோடு ஒரே உறையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா